ரிங்கில் எக்ஸ்ட்ரா டிராஃபிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபைபர் ரிங் வைத்திருப்பவர்களும், யாரோ போட்டுவிட்டுப் போன ரிங்கை இப்போது பார்த்துக்கொள்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பழுது வந்தால் மாறிக்கொள்வதற்காக ரிங்கில் காலியாக வைத்திருக்கும் இடத்தில், அதுவரை ஓட்டும் டிராஃபிக்தான் எக்ஸ்ட்ரா டிராஃபிக். பெரும்பாலும் எஸ்டிஎச் (தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஜிட்டல் கடத்தல் முறை) ரிங்கைப் பற்றியே பேசியிருக்கிறேன். ஆர்பிஆர் (பாக்கெட்டுகளுக்கான ரிங் முறை), ஈதர்நெட் ரிங் இரண்டும் கடைசியில் வருகின்றன.

ரிங்கில் பாதி இடம் சும்மா கிடக்கிறதே, அது வீண்தானே?

பாதுகாப்பு இடத்தை எல்லாச் சர்க்யூட்டும் பகிர்ந்துகொள்ளும் இரண்டு ஃபைபர் எம்எஸ்-ஸ்பிரிங் (அமெரிக்கச் சாதனங்களில் பிஎல்எஸ்ஆர்) என்றால் ஆமாம், பாதி காலிதான். எஸ்டிஎம்-16 ரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 16 ஏயூ-4, அதாவது 16 சம அளவுச் சேனல்கள். 1 முதல் 8 வரை ஒர்க்கிங் (வழக்கமான டிராஃபிக்குக்கு), 9 முதல் 16 வரை புரொடெக்ஷன் (பழுதின்போது மாறிக்கொள்ள). ஒரு திசையில் ஒர்க்கிங் 3-ல் ஓடுவது, வழியில் கேபிள் அறுந்தால், எதிர்த்திசையில் 11-ல் ஏறிச் சுற்றி வரும். ஒரு ஏயூ-4-க்குள் 63 இ1 (2 மெகாபிட் லிங்க்) போகும் என்பதால், ஒவ்வொரு ஸ்பானிலும் (அடுத்தடுத்த இரண்டு நோடுகளுக்கு, அதாவது ரிங்கில் உள்ள பெட்டிகளுக்கு, இடையிலான பகுதி) 504 இ1 அளவுக்கு இடம் எந்த வேலையும் இல்லாமல் காத்துக்கொண்டிருக்கிறது. கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது கண்ணை உறுத்தத்தான் செய்யும்.

அப்படியென்றால் அந்த இடத்தில் ஏதாவது ஓட்டலாமா?

ஓட்டலாம். எஸ்டிஎச் பாதுகாப்புக்கான ஐடியு-டி ஜி.841 விதிமுறையே அதற்கு இடம் தருகிறது. அதற்குப் பெயர் எக்ஸ்ட்ரா டிராஃபிக். சிஸ்கோ 15454 போன்ற பெட்டிகளில் பிசிஏ சர்க்யூட் என்று பார்த்திருப்பீர்கள், அதுவும் இதுதான். பந்தியில் காலியாக இருந்த இலையில் உட்கார்ந்தவர், சம்பந்தி வீட்டார் வந்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து இடம் விடுவது போலத்தான் இதன் நிலைமை. யாரும் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள், முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார்கள்.

எங்கோ ஒரு மூலையில் கேபிள் அறுந்தால் என் சர்க்யூட் ஏன் விழ வேண்டும்? அது வேறு ஸ்பானில் அல்லவா ஓடுகிறது?

அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். ரிங் ஸ்விட்ச் ஆகும்போது, அறுந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கும் நோடுகள் ஒர்க்கிங் டிராஃபிக் முழுவதையும் திருப்பி எதிர்ப்பக்கம் அனுப்புகின்றன. அது மீதி ரிங் முழுவதையும் சுற்றிக்கொண்டு போய்ச் சேர வேண்டும். அதாவது அறுபடாத ஒவ்வொரு ஸ்பானிலும் புரொடெக்ஷன் சேனல்கள் தேவைப்படும். எனவே ரிங்கில் எங்கே அறுந்தாலும் எல்லா எக்ஸ்ட்ரா டிராஃபிக்கும் போய்விடும். இன்னொன்று: ஒர்க்கிங் 5-ல் எதுவுமே ஓடவில்லை என்றாலும் 13-ல் இருப்பது தப்பிக்காது, ஏனென்றால் ஸ்விட்ச் நடப்பது சேனல் சேனலாக அல்ல, மொத்தப் பாதையும் ஒரே அடியாக.

எனவே எக்ஸ்ட்ரா சர்க்யூட்டின் நம்பகத்தன்மையைக் கணக்கிடும்போது அது போகும் இரண்டு ஸ்பானின் நீளத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். ரிங்கின் முழுச் சுற்றளவையும் போடுங்கள். ரிங்கின் பாதுகாப்பு எதுவும் இல்லாத ஒரு தனி லிங்க், அதே இரண்டு ஸ்பான் வழியாகப் போனால், எக்ஸ்ட்ரா டிராஃபிக்கைவிட அதிக நேரம் உயிரோடு இருக்கும். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை.

கேபிளை ஒட்டியாகிவிட்டது. உடனே திரும்பி வருமா?

வராது. வெயிட் டு ரிஸ்டோர் என்று ஒரு டைமர் இருக்கிறது, 5 முதல் 12 நிமிடம் வரை வைக்கலாம், வழக்கமாக 5. பழுது நீங்கிய பிறகு அவ்வளவு நேரம் லிங்க் ஒழுங்காக இருந்தால்தான் ரிங் பழைய நிலைக்குத் திரும்பும், அதன் பிறகுதான் எக்ஸ்ட்ராவுக்கு இடம். ஒரே நிமிடத்தில் சரியான பழுதுக்கும் உங்கள் சர்க்யூட் ஆறு நிமிடம் கீழே கிடக்கும். அதைவிடத் தொல்லை, ஸ்ப்ளைஸ் சரியில்லாமல் லிங்க் வந்து வந்து போய்க்கொண்டிருந்தால். ஒவ்வொரு முறையும் டைமர் முதலிலிருந்து ஓடும். பாதுகாக்கப்பட்ட வாடிக்கையாளர் ஒருவருக்கும் எதுவும் தெரியாது, புகார் வராது, எனவே அவசரமும் இருக்காது, எக்ஸ்ட்ரா மட்டும் மணிக்கணக்கில் செத்துக் கிடக்கும். முழுதாக அறுபடத்தான் வேண்டும் என்றும் இல்லை. பிட் பிழை விகிதம் வரம்பைத் தாண்டி சிக்னல் டிகிரேட் வந்தாலே ஸ்விட்ச் நடக்கும்.

சரி, எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?

எல்லோரும் "எது முக்கியமில்லாததோ அதை" என்று சொல்வார்கள். என் கருத்தில் அது தவறான அளவுகோல். கேட்க வேண்டியது, இந்தச் சர்க்யூட் எப்போது தேவைப்படும் என்பது. ரிங் பழுதாகும் அதே நேரத்தில்தான் இது தேவைப்படும் என்றால், எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தாலும் எக்ஸ்ட்ராவில் போடாதீர்கள்.

உதாரணம், பேக்கப் லிங்க். "மாதத்தில் ஒரு பைட் கூட ஓடாது, இதற்கு எதற்குப் பாதுகாப்பு" என்று வாடிக்கையாளரின் பேக்கப்பைத் தூக்கி எக்ஸ்ட்ராவில் வைப்பார்கள். அவருடைய பிரதான லிங்க் எந்தச் சாலையோரக் குழாயில் போகிறது? நகரங்களில் கேபிள்கள் ஒரே பள்ளத்தில்தான் பெரும்பாலும் படுத்திருக்கின்றன, யாருடைய கேபிள் என்று ஜேசிபி பார்ப்பதில்லை. ஒரே வெட்டில் பிரதான லிங்க்கும் போகும், அதே பள்ளத்தில் இருந்த உங்கள் ரிங்கின் ஒரு ஸ்பானும் போகும், ரிங் ஸ்விட்ச் ஆகும், பேக்கப்பும் போகும். மாதக்கணக்கில் பச்சை விளக்கோடு நின்ற லிங்க், தேவைப்பட்ட ஒரே நாளில் இருக்காது.

நெட்வொர்க் மேலாண்மைக்கான டேட்டா லிங்க்கும் அப்படித்தான். ரிங் அடிபட்ட நேரத்தில் நோடுகளைப் பார்க்க முடியாமல் என்ஓசி (நெட்வொர்க் கட்டுப்பாட்டு அறை) கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பழைய 2ஜி பிடிஎஸ்களுக்கு, அதாவது மொபைல் தளங்களுக்குப் போகும் இ1-ஐயும் வைக்காதீர்கள். அந்த இ1-இலிருந்துதான் பல தளங்கள் கிளாக் எடுக்கின்றன, அது போனால் அழைப்புகள் மட்டுமல்ல, தளமே தடுமாறும்.

போடக்கூடியவை என்றால், இரவில் ஒரு டேட்டா சென்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் மொத்த நகல், விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடியது. கேஷ் சர்வர்களுக்கு உள்ளடக்கம் நிரப்புவது. சோதனைச் சர்க்யூட்கள். தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையே ஹை யூசேஜ் ரூட்டை (முதலில் முயலும் வழி) எக்ஸ்ட்ராவிலும் ஃபைனல் ரூட்டை (மிச்சம் போகும் கடைசி வழி) பாதுகாப்பிலும் வைப்பது பொருத்தமான ஏற்பாடு. முதல் ரூட் விழுந்தால் அழைப்புகள் ஃபைனலுக்கு வழியும், நெரிசல் கூடும், ஆனால் இரண்டு ஊர்களும் துண்டாகாது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது விகேட் (பல சேனல்களை ஒரே லிங்க்காகக் கட்டுவது), எல்சிஏஎஸ் (அந்தக் கட்டில் சேனல்களைச் சேர்ப்பது, விலக்குவது) சேர்க்கை. கிகாபிட் ஈதர்நெட்டுக்கு 7 விசி-4 (ஏயூ-4 ஒன்றுக்குள் போகும் கொள்கலன்) சேர்த்துக் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 3-ஐ ஒர்க்கிங்கிலும் 4-ஐ எக்ஸ்ட்ராவிலும் போடுங்கள். கேபிள் அறுந்தால் எக்ஸ்ட்ராவில் இருக்கும் நான்கும் ஏஐஎஸ் (சிக்னல் இல்லை என்ற அறிவிப்பு) பார்க்கும், எல்சிஏஎஸ் அவற்றைக் குழுவிலிருந்து விலக்கிவிடும், லிங்க் சாகாமல் சுமார் 450 மெகாபிட்டுக்குச் சுருங்கும். விலக்கும் அந்தக் கணத்தில் சில ஃபிரேம்கள் போகும்தான். சுருங்கிய லிங்க்கில் முதலில் எதை விடுவது என்று தீர்மானிக்க, ஈதர்நெட் போர்ட்டிலேயே கியூக்களைச் சரியாக வைத்திருக்க வேண்டும். அதை மறந்தால் குரல் அழைப்பும் பைல் டவுன்லோடும் சமமாக அடி வாங்கும்.

பாதுகாப்பும் வேண்டாம், ஆனால் யாரும் எழுப்பிவிடவும் கூடாது. அப்படி ஒன்று உண்டா?

உண்டு. என்யுடி என்பார்கள். பாதுகாக்கப்படாத, ஆனால் விரட்டப்படாத டிராஃபிக். ஏயூ-4 எண் 3-ஐ என்யுடி என்று அறிவித்தால், அதன் ஜோடியான 11-உம் சேர்ந்து ஸ்விட்ச் ஏற்பாட்டிலிருந்து வெளியே வந்துவிடும். இரண்டிலும் டிராஃபிக் ஓட்டலாம். அது போகும் ஸ்பான் அறுந்தால் மட்டுமே விழும், வேறு எங்கே அறுந்தாலும் அசையாது. தனக்கென்று மாற்று வழி வைத்திருக்கும் ஐபி ரூட்டர்களுக்கு இதுதான் சரியான இடம். ஒரு ரூட்டர் லிங்க்கைக் கிழக்குப் பக்கமும் இன்னொன்றை மேற்குப் பக்கமும் என்யுடியில் போட்டுவிட்டால், ஒன்று விழும்போது மற்றது நிச்சயம் இருக்கும், மீதியை எம்பிஎல்எஸ் ஃபாஸ்ட் ரீரூட்டோ ஓஎஸ்பிஎஃப்போ பார்த்துக்கொள்ளும். இதே வேலையை எக்ஸ்ட்ராவில் செய்தால் இரண்டும் ஒன்றாக விழும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு ஸ்பானில் மட்டும்தானே 3-ஐ என்யுடி ஆக்கினேன் என்று நினைக்காதீர்கள். சுற்றிவர 11 வேண்டும், அது இல்லாததால் ரிங் முழுவதிலும் அந்த ஜோடிக்கு ரிங் ஸ்விட்ச் கிடையாது. எல்லா நோடுகளிலும் என்யுடி அட்டவணை ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

50 மில்லி விநாடியில் ஸ்விட்ச் ஆகும் என்கிறார்களே, எக்ஸ்ட்ரா போட்டாலும் அப்படித்தானா?

சிறு எழுத்தைப் படிக்க வேண்டிய இடம் இது. ஜி.841 சொல்லும் 50 மில்லி விநாடிக்கு நிபந்தனைகள் உண்டு: ரிங்கின் ஃபைபர் நீளம் 1200 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், எல்லா நோடும் ஐடில் நிலையில் இருக்க வேண்டும், வேறு ஸ்விட்ச் கோரிக்கை நிலுவையில் இருக்கக்கூடாது, எக்ஸ்ட்ரா டிராஃபிக்கும் இருக்கக்கூடாது. எக்ஸ்ட்ரா இருந்தால் முதலில் அதை வெளியேற்ற நேரம் வேண்டும், 50-ஐத் தாண்டலாம். நடைமுறையில் வித்தியாசம் பெரிதாக இருக்காது என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள், பல பெட்டிகளில் அது உண்மையும்தான். ஆனால் பாதுகாக்கப்பட்ட வாடிக்கையாளரிடம் 50 மில்லி விநாடி என்று கையெழுத்துப் போட்டிருந்தால், எக்ஸ்ட்ரா போடுவதற்கு முன்னாலும் பின்னாலும் டெஸ்ட் செட் வைத்து அளந்து பாருங்கள். மலிவான டிராஃபிக்குக்காக விலையுயர்ந்த டிராஃபிக்கின் வாக்குறுதியை அடமானம் வைக்கக்கூடாது.

கே1, கே2 பைட்களைப் பார்த்து எக்ஸ்ட்ரா இருக்கிறதா என்று சொல்ல முடியுமா?

முடியும். ஸ்விட்ச் பற்றி நோடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது இந்த இரண்டு பைட்களில்தான். கே2-வின் கடைசி மூன்று பிட் 011 என்றால் புரொடெக்ஷன் சேனலில் எக்ஸ்ட்ரா ஓடுகிறது. 000 ஐடில், 001 பிரிட்ஜ் (புரொடெக்ஷனிலும் நகல் அனுப்புவது) ஆகியிருக்கிறது, 010 பிரிட்ஜும் ஸ்விட்சும் முடிந்தது. நோடு எண்ணுக்கு நான்கு பிட் மட்டுமே ஒதுக்கியிருப்பதால்தான் ஒரு ரிங்கில் 16 நோடுக்கு மேல் வைக்க முடியாது.

ஸ்க்வெல்ச் என்று அலாரம் வருகிறதே, அது என்ன?

ஒருவருடைய டேட்டா இன்னொருவருக்குப் போய்விடாமல் தடுப்பது. நோடு 1-இலிருந்து 4-க்கு ஏயூ-4 எண் 3-ல் ஒரு சர்க்யூட், 4-இலிருந்து 6-க்கு அதே எண் 3-ல் வேறொருவரின் சர்க்யூட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோடு 4-க்கு மின்சாரம் போய்விட்டது. 3-உம் 5-உம் திருப்பிவிடுகின்றன. முதல் சர்க்யூட் எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்து 5-ஐ அடைகிறது, 5 அதை 3-ம் இடத்தில் ஏற்றி 6-க்குத் தள்ளுகிறது. யாரோ ஒருவரின் டேட்டா வேறு யாரோ வீட்டு வாசலில். இதைத் தடுக்க அந்த இடத்தில் ஏயூ-ஏஐஎஸ் செருகிவிடுவார்கள். விரட்டப்படும் எக்ஸ்ட்ராவுக்கும் இதே கதி: மறுமுனை பார்ப்பது ஏஐஎஸ். உங்கள் அலாரம் பட்டியலில் எக்ஸ்ட்ரா சர்க்யூட்களின் ஏஐஎஸ்-ஐத் தனியாகக் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு கேபிள் வெட்டுக்கு நூறு சிவப்பு வரி வரும், உண்மையான வரி அதற்குள் எங்கோ இருக்கும்.

நான்கு ஃபைபர் ரிங் என்றால் நிலைமை மேலா?

கொஞ்சம் மேல். ஒர்க்கிங் ஜோடி மட்டும் பழுதானால் அந்த ஸ்பானுக்குள்ளேயே புரொடெக்ஷன் ஜோடிக்கு மாறிவிடும், அந்த ஸ்பானின் எக்ஸ்ட்ரா மட்டும் விழும். நான்கு ஃபைபரும் ஒரே கேபிளில் போனால் கேபிள் அறுபடும்போது இந்தச் சலுகை கிடையாது.

எஸ்என்சிபி ரிங்கில் எக்ஸ்ட்ரா போடலாமா?

இடமே இல்லை. இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே டிராஃபிக்கின் நகல் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடலடி கேபிள் ரிங்குகளும் இப்படித்தானா?

அடிப்படை ஒன்றுதான், ஆனால் தூரம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. 1996-ல் வந்த டிஏடி-12/13 அட்லாண்டிக் கடலைக் கடக்கும் ரிங். அமெரிக்கக் கரையில் இரண்டு இடம், எதிரே ஒன்று இங்கிலாந்தில், ஒன்று பிரான்ஸில். அந்த நான்கு கரைகளை வைத்து, தரையில் செய்வது போலவே ஸ்விட்ச் செய்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்து வழியாகப் பிரான்ஸுக்குப் போகும் சர்க்யூட். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே அறுந்துவிட்டது. இங்கிலாந்து நோடு திருப்புகிறது, சிக்னல் மறுபடி அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா வருகிறது, அங்கிருந்து மூன்றாவது முறை கடந்து பிரான்ஸ் போகிறது. ஒளி ஃபைபரில் ஒரு கிலோமீட்டர் போக ஏறத்தாழ 5 மைக்ரோ விநாடி, 6000 கிலோமீட்டர் கடலுக்கு 30 மில்லி விநாடி. மூன்று முறை என்றால் தொலைபேசியில் பேசுபவருக்கே தெரியும்.

அதனால் கடல் கடந்த ரிங்குகளுக்கு ஜி.841 தனிப் பின்னிணைப்பு வைத்திருக்கிறது. அறுந்த இடத்துக்குப் பக்கத்து நோடு திருப்பாது, சர்க்யூட் எங்கே ஏறுகிறதோ அந்த நோடே நேராக மறுபக்கம் அனுப்பிவிடும். இதில் எக்ஸ்ட்ராவுக்கு ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. எந்தப் புரொடெக்ஷன் சேனல் உண்மையில் தேவைப்படவில்லையோ, அதில் எக்ஸ்ட்ராவை மறுபடி ஏற்றிவிடலாம், பழுது சரியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தரை ரிங்குகளுக்கும் இதைக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றும்.

பராமரிப்புக்காக நாமே ஸ்விட்ச் செய்தால்?

ஃபோர்ஸ்டு ஸ்விட்ச், மேனுவல் ஸ்விட்ச் எதுவானாலும் எக்ஸ்ட்ரா விழும். இரவு இரண்டு மணிக்குச் செய்தால் யாருக்கும் தெரியாது என்று நினைப்போம், ஆனால் எக்ஸ்ட்ராவில் மொத்த நகல் வேலையை வைத்தவருக்கு அதுதான் உச்ச நேரம். அவருக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

ஆர்பிஆர் இதைவிட நல்லதா?

குறைந்த முன்னுரிமை டிராஃபிக்கின் பார்வையில் நிச்சயம் நல்லது. ஐஇஇஇ 802.17 என்று 2004-ல் வெளியான இந்த முறையில் எந்தப் பாதியும் காலியாகக் காத்திருப்பதில்லை, இரண்டு திசையிலும் எப்போதும் டிராஃபிக் ஓடும். வகுப்பு ஏ-வுக்கு உறுதியான இடமும் குறைந்த தாமதமும். வகுப்பு பி-யில் உறுதியளித்த வேகம் ஒரு பகுதி, அதற்கு மேல் கிடைத்தால் கிடைக்கட்டும் என்பது மறு பகுதி. வகுப்பு சி-க்கு எந்த உறுதியும் இல்லை. கேபிள் அறுந்தால் பாக்கெட்டுகள் மறுபக்கம் திரும்பும், இருக்கும் இடம் சுருங்கும், ஏ-வும் பி-யின் உறுதிப் பகுதியும் அப்படியே போகும், மிச்சத்தை சி-யும் பி-யின் உபரியும் ஃபேர்னஸ் கணக்குப்படி பங்கிட்டுக்கொள்ளும். சி மெதுவாகும், சாகாது. எக்ஸ்ட்ராவுக்கு ஏஐஎஸ், இதற்கு வேகக்குறைவு.

ஆனால் ஒன்று: ஏ-வையும் பி-யின் உறுதிப் பகுதியையும் விற்கும்போது, ஒரு பக்கம் அறுந்த பிறகும் அவை அடங்குமா என்று கூட்டிப் பார்க்க வேண்டியது நீங்கள்தான். நல்ல நாளில் இருக்கும் இடத்தை வைத்து விற்றுவிட்டால் கெட்ட நாளில் வகுப்புகள் எந்த உதவியும் செய்யாது. ஆர்பிஆர் பெரிதாகப் பரவவில்லை. சாதாரண ஈதர்நெட் விலை குறைந்துகொண்டே போனது, அதற்கு எதிரில் தனிச் சிலிகான் வேண்டிய ஒரு ரிங் நிற்க முடியவில்லை. தொழில்நுட்பமாகப் பார்த்தால் வருத்தமான விஷயம்.

எங்களிடம் இருப்பது ஈஆர்பிஎஸ் (ஜி.8032 முறையிலான ஈதர்நெட்) ரிங். அங்கே எக்ஸ்ட்ரா என்று ஒன்றையும் காணோமே?

ஜி.8032-ல் அப்படி ஒரு வகையே இல்லை. லூப் (பாக்கெட்டுகள் முடிவில்லாமல் சுற்றுவது) வராமல் இருக்க ஆர்பிஎல் என்ற ஒரு லிங்க்கை அடைத்து வைப்பார்கள், வேறெங்காவது அறுந்தால் அதைத் திறப்பார்கள். பழுது நீங்கிய பிறகு இங்கும் வெயிட் டு ரிஸ்டோர் வழக்கமாக 5 நிமிடம். அடைத்த லிங்க் வீணாகிறதே என்று ஒரே ரிங்கில் இரண்டு இன்ஸ்டன்ஸ் (தனித்தனி ரிங் போல நடப்பவை) போட்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆர்பிஎல் வைத்து விஎலான்களை (டிராஃபிக்கைப் பிரிக்கும் குழுக்கள்) பிரிப்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 10 கிகா ரிங்கில் இரண்டு பக்கமும் 7, 7 என்று ஓடினால் கிராஃப் அழகாக இருக்கும், ஒரு பக்கம் அறுந்ததும் 14 வந்து 10-க்குள் நுழையப் பார்க்கும். எஸ்டிஎச்சில் யார் எழ வேண்டும் என்பது முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது, இங்கே அதை யாரும் எழுதவில்லை என்றால் கியூ நிரம்பும்போது கண்ணில் பட்டது விழும்.

எனவே நீங்கள்தான் எழுத வேண்டும். ரிங்கின் நுழைவாயிலிலேயே பாக்கெட்டுகளுக்கு 802.1பி முன்னுரிமை குறியுங்கள், வாடிக்கையாளர் தானாகக் குறித்து அனுப்புவதை நம்பாதீர்கள், எல்லோருமே தங்களை உச்ச முன்னுரிமையான 7 என்றுதான் குறிப்பார்கள். உறுதியளித்த வேகங்களின் கூட்டுத்தொகை ஒரு பக்கத்தின் 10-க்குள் அடங்க வேண்டும். அதற்கு மேலே உள்ளது எல்லாம் குறைந்த முன்னுரிமை, இரண்டு பக்கமும் நன்றாக இருக்கும்வரை ஓடலாம். மாதம் ஒரு முறை உச்ச நேர கிராஃப்பில் இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் எப்போதும் பிரச்சினை இல்லாதது போலவே தெரியும்.

கீழே எஸ்டிஎச் ரிங், மேலே ஈஆர்பிஎஸ் அல்லது ரூட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் ஸ்விட்ச் செய்கின்றனவே?

மேலே இருப்பதைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ஜி.8032-ல் ஹோல்ட் ஆஃப் டைமர் 0 முதல் 10 விநாடி வரை வைக்கலாம். ஒர்க்கிங்கில் ஓடும் லிங்க்குக்கு 100 மில்லி விநாடி வைத்தால் கீழே எஸ்டிஎச் வேலையை முடித்துவிடும், மேலே எதுவும் நடந்ததாகவே தெரியாது. என்யுடியிலோ எக்ஸ்ட்ராவிலோ ஓடும் லிங்க்குக்கு மட்டும் அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். கீழே காப்பாற்ற யாரும் இல்லாதபோது காத்திருந்து பயனில்லை.

எக்ஸ்ட்ராவை விற்கும்போது ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது?

"குறைந்த நம்பகத்தன்மை" என்று பொதுவாக எழுதாதீர்கள், அதைப் படிப்பவர் ஏதோ கொஞ்சம் குறைவு என்று எடுத்துக்கொள்வார். ரிங்கில் எங்கே பழுது வந்தாலும் முன்னறிவிப்பு இல்லாமல் நிற்கும், பழுது நீங்கி குறைந்தது இத்தனை நிமிடம் கழித்தே வரும், பராமரிப்பின்போதும் நிற்கும் என்று அப்படியே எழுதுங்கள். ரிங்கின் மொத்த நீளத்தையும் கடந்த ஆண்டு எத்தனை முறை ஸ்விட்ச் ஆனது என்பதையும் சேர்த்துக் கொடுங்கள், அந்த எண்ணிக்கை நோடுகளின் பதிவில் இருக்கிறது. பேக்கப்புக்காக வாங்குகிறார் என்று தெரிந்தால் விற்காதீர்கள், என்யுடியைக் காட்டுங்கள்.